கூண்டில் ஏறுவதற்கு முன் சொல்லித் தர வேண்டியவை

"என்ன சொல்லணும்னு சொல்லுங்கய்யா, அப்படியே சொல்லிடுறேன்."

சம்மன் வாங்கிக்கொண்டு என்னைத் தேடி வரும் சாட்சிகள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். வங்கி மேலாளர், ஆடு மேய்ப்பவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. கோர்ட் என்றால் ஒப்பிப்பதற்கு ஒரு பாடம் இருக்கும், அது வக்கீலிடம் இருக்கும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. நம் சினிமாவும் அதைத்தான் வளர்த்துவிட்டிருக்கிறது.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டார நீதிமன்றங்களில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தக் கேள்விக்கு என் பதில் ஒருநாளும் மாறியதில்லை: "என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்." கேட்டவுடன் பலருக்கு முகம் வாடும். இந்த வக்கீல் நமக்கு உதவி செய்யமாட்டார் போலிருக்கிறதே என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் என் வேலையே தொடங்கும். சாட்சி சொல்பவரைத் தயார்ப்படுத்தலாம், தயார்ப்படுத்தவும் வேண்டும். அவர் சொல்லப்போகும் பதிலில் மட்டும் கை வைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கொலை வழக்கு ஒன்றில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாட்சியம் பதிவாவதற்கு முந்தைய நாள் அரசுத் தரப்புச் சாட்சிகளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, இன்னின்ன மாதிரி சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்துவிட்டது. அந்தச் சாட்சிகளின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று ஒதுக்கிய நீதிமன்றம், மேல்முறையீடு செய்தவர்களை விடுதலை செய்ததோடு, நடந்ததை விசாரிக்கும்படி மாநில டி.ஜி.பி.க்கு உத்தரவும் போட்டது. அந்தச் சாட்சிகள் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்பதை இனி எவராலும் பிரித்தெடுக்க முடியாது. சொல்லிக் கொடுப்பதால் வரும் பெரிய கேடு இதுதான். கலந்த பொய்யோடு சேர்ந்து, இருந்த உண்மையும் செல்லாமல் போய்விடுகிறது.

அதனால் முதல் சந்திப்பில் வழக்குக் கட்டைப் பிரிக்கவே மாட்டேன். சாட்சி பேசுவார், நான் கேட்பேன். முன்பின்னாகச் சொல்வார், நடுவில் அழுவார், பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் வரும். தடுக்க மாட்டேன். முதலிலேயே போலீஸ் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினால் அந்த வார்த்தைகள் அவர் வாயில் ஒட்டிக்கொள்ளும். "சம்பவ இடத்திற்கு அருகாமையில் நின்றுகொண்டிருந்த சமயம் மேற்படி எதிரியானவர்" என்று எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை. அது ஸ்டேஷன் எழுத்தரின் தமிழ். ஒரு விவசாயி அதைக் கூண்டில் நின்று சொன்னால், இது கிளிப்பிள்ளைச் சாட்சி என்று நீதிபதிக்கு அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

அவர் பேசி முடித்த பிறகுதான் அந்தப் போலீஸ் வாக்குமூலத்தை, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு வாக்குமூலத்தை, வாசிப்பேன். புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 180ஆம் பிரிவாகிவிட்டது, ஆனாலும் கோர்ட் வட்டாரத்தில் இன்னும் 161தான். அதில் சாட்சியின் கையெழுத்து இருக்காது. அது சாட்சியமும் ஆகாது. போலீசில் ஒன்று சொல்லிவிட்டு இங்கே வேறொன்று சொல்கிறார் என்று காட்டத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பயன்படுத்துவார். ஆகவே தன் பெயரில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது நியாயம்.

வாசிக்கும்போது எங்காவது ஒத்துவராமல் போகும். அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பேன். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். சம்பவம் நடந்து வருஷக்கணக்காகி மறந்திருக்கும். வாசித்ததும், "ஆமாய்யா, டார்ச் லைட் இருந்துச்சு" என்று தானாக நினைவு வரும். அப்படி வந்தால் நல்லது. வராவிட்டால், "நினைவு இல்லைன்னு சொல்லுங்க" என்பதோடு விட்டுவிடுவேன். இரண்டாவது, "இதை நான் சொல்லவே இல்லையே" என்பது. விசாரணை அதிகாரி தானாகச் சேர்த்திருப்பார். அப்போது, கேட்டால் கூண்டிலும் அதையே சொல்லுங்கள் என்பேன். வழக்குக்கு அது நஷ்டமாகலாம். ஆனால் எப்படியாவது தண்டனை வாங்கியே தீர வேண்டும் என்ற தாகம் அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சிவ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் நான்.

மூன்றாவதுதான் கவனமாகக் கையாள வேண்டியது. சம்பவத்துக்குப் பிறகு டீக்கடையிலும் துக்க வீட்டிலும் பேசிப்பேசி, அடுத்தவர் பார்த்ததெல்லாம் தான் பார்த்ததாகவே இவர் மனதில் பதிந்திருக்கும். இவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். அதட்டினால் இன்னும் பிடிவாதமாகிவிடுவார். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "வெட்டுனதைப் பார்த்தீங்களா, வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பார்த்தீங்களா?" "ஓடுனது அவர்தான்னு முகத்தைப் பார்த்துச் சொல்றீங்களா, சட்டையைப் பார்த்துச் சொல்றீங்களா?" கேட்கக் கேட்க அவராகவே பிரித்துக்கொண்டு வருவார். கண்ணால் பார்த்ததைப் பார்த்தவரும் காதால் கேட்டதைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். 1872 சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அப்படித்தான்.

வயல்வெளியில் நடந்த ஓர் அரிவாள் வெட்டு வழக்கு. நேரில் பார்த்தவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா. போலீஸ் வாக்குமூலத்தில் "சுமார் 50 அடி தூரத்திலிருந்து பார்த்தேன்" என்று இருந்தது. வாசித்ததும் அந்த அம்மா கையை ஆட்டினார்.

"அடிக்கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி."

"வேற எப்படித் தெரியும் ஆத்தா?"

"நான் புளியமரத்தடியில நின்னேன். அவுக பம்புசெட்டுத் தொட்டிகிட்ட நின்னாக. நான் சத்தம் போட்டா அவுகளுக்குக் கேக்கும்."

கோர்ட்டிலும் இதையே சொல்லுங்கள் என்றேன். 50 அடி என்று நான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தால், குறுக்கு விசாரணையில் "இந்த அறை எத்தனை அடி நீளம் இருக்கும்?" என்ற ஒரே கேள்வியில் அந்த அம்மா தடுமாறியிருப்பார். அன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தூரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தனை தடவையும் ஒரே பதில்தான்: "அடி தெரியாதுங்கய்யா. புளியமரம், பம்புசெட்டுத் தொட்டி." பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் அந்தப் புளியமரமும் தொட்டியும் குறிக்கப்பட்டிருந்தன. நீதிபதி வரைபடத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

நேரமும் அப்படித்தான். கிராமத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டா சண்டையைப் பார்ப்பார்கள்? பள்ளிக்கூடம் விட்ட நேரம், கடைசி பஸ் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரம் என்று சொல்வார்கள். அது அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்த நேரம். அதை "மாலை 6.15 மணியளவில்" என்று மாற்றிக் கொடுப்பவர் சாட்சிக்குத் தெரியாத ஒன்றை அவர் தலையில் கட்டுகிறார். 1983இல் பர்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஆழமாகப் பேசியிருக்கிறது. சாட்சியின் நினைவு புகைப்படம் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நேரத்தையும் கால அளவையும் மனிதர்கள் உத்தேசமாகத்தான் சொல்வார்கள். சின்னச் சின்ன முரண்பாடுகளை வைத்து மொத்தச் சாட்சியத்தையும் தள்ளிவிடக் கூடாது. சாட்சிகளிடம் இந்தத் தீர்ப்பின் சாரத்தைச் சொல்வேன். "எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சிருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கலை" என்று கேட்டதும் பலருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயம் இடத்தைப் பற்றியது. முடிந்தபோதெல்லாம் கோர்ட் கூடுவதற்கு முன்பே சாட்சியை உள்ளே அழைத்துப்போய்க் காட்டிவிடுவேன். நீதிபதி இங்கே உட்காருவார். கீழே பெஞ்ச் கிளார்க், பக்கத்தில் தட்டச்சர். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அங்கே நிற்பார்; அவரைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அடையாளம் காட்டச் சொன்னால் மட்டும் பாருங்கள். டவாலி உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார், பதற வேண்டாம். உறுதிமொழி சொல்ல வைப்பார்கள். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்துங்கள், தட்டச்சு அடிக்க நேரம் வேண்டும். நிற்க முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள், தாகம் எடுத்தால் தண்ணீர் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்றையும் விடாமல் சொல்வேன். சாட்சியம் முடிந்ததும் தட்டச்சானதை சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். சொன்னதற்கும் எழுதியதற்கும் வித்தியாசம் இருந்தால் சாட்சி அதைச் சுட்டிக்காட்டலாம். நீதிபதி திருத்துவார், அல்லது ஆட்சேபத்தைக் குறித்துவைப்பார். வேலை நெருக்கடியில் தாள் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள்தான் அதிகம். படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று வற்புறுத்துவேன். மேல்முறையீட்டில் அமரும் நீதிபதி உங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, அந்தத் தாளை மட்டும்தான் பார்ப்பார்.

குறுக்கு விசாரணைக்கு மனதைத் தயார் செய்வது தனி வேலை. நம் நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பின் கூற்றுகள் "என்றால் சரிதானா?" என்று முடியும் கேள்விகளாக வரும். பதிலைப் பொறுத்து "என்றால் சரிதான்" அல்லது "என்றால் சரியல்ல" என்று பதிவாகும். வழக்கறிஞரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று நினைக்கும் கிராமத்து மனிதர், கேள்வி முடியும் முன்பே "ஆமாங்கய்யா" என்று தலையாட்டிவிடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "அன்னிக்கு ராத்திரி நீங்க வீட்டுக்குள்ள தூங்கிட்டிருந்தீங்க, சத்தம் கேட்டு வெளியே வந்தப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு என்றால் சரிதானா?" இதில் தூங்கியது நிஜம், சத்தம் கேட்டு வந்ததும் நிஜம். எல்லாம் முடிந்துபோனது மட்டும் நிஜமில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஓர் "ஆமாங்கய்யா" விழுந்தால் கண்ணால் கண்ட சாட்சி காணாத சாட்சியாகிவிடுவார்.

இதற்கு நான் பழக்குவது இவ்வளவுதான். கேள்வி முழுசாக முடியட்டும். ஒரு மூச்சு விடுங்கள். கேள்விக்குள் எத்தனை சங்கதி இருக்கிறது என்று பாருங்கள். சரியானதைச் சரி என்றும், தப்பானதைத் தப்பு என்றும் தனித்தனியாகச் சொல்லுங்கள். புரியாவிட்டால் "புரியலைங்கய்யா, திரும்பக் கேளுங்க" என்று சொல்லுங்கள். கோபப்படாதீர்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கடமையைச் செய்கிறார். கூண்டில் நிற்கும் எதிரி நிரபராதியாக இருந்தால் அவரைக் காப்பாற்றப் போவது அந்தக் கேள்விகள்தான். பழகிப் பார்க்கும்போது வழக்கு விஷயத்தைத் தொடவே மாட்டேன். "நேத்து காலையில டீ குடிச்சிட்டு, பேப்பர் படிச்சிட்டு, பத்து மணிக்கு சந்தைக்குப் போனீங்க என்றால் சரிதானா?" என்று கேட்பேன். "டீ குடிச்சேன், சந்தைக்குப் போனேன், எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா" என்று பதில் வந்தால் விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சாட்சிகள் அதிகமாக மறைக்கப் பார்ப்பது தங்களுக்குச் சங்கடமான உண்மைகளைத்தான். எதிரியோடு வரப்புத் தகராறு இருக்கும். செத்துப்போனவர் மாமன் மகனாக இருப்பார். சம்பவத்தன்று கொஞ்சம் குடித்திருப்பார். "இதைச் சொன்னா கேஸு நிக்காதே சார்" என்பார்கள். மறைத்தால்தான் நிற்காது. உறவினர் என்பதற்காகவே ஒருவரின் சாட்சியத்தை ஒதுக்க முடியாது என்று 1953இலேயே தலீப் சிங் வழக்கில் சொல்லியாகிவிட்டது. தன் உறவைக் கொன்றவனைத் தப்பவிட்டு வேறொருவனை மாட்டிவிட நெருங்கிய சொந்தம் எளிதில் துணியாது என்பது அதன் நியாயம். முத்துப்பேட்டைப் பகுதியிலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில், 1957இல், கணவன் கொலையை நேரில் பார்த்த மனைவி ஒருத்தியின் சாட்சியத்தை நம்பியே தண்டனையை உறுதி செய்தார்கள். இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. முழுக்க நம்பத் தகுந்த ஒரே சாட்சி போதும். ஆகவே வரப்புத் தகராறை முதல் விசாரணையிலேயே நானே கேட்டுவிடுவேன். சாட்சி தன் வாயால் அதைச் சொன்ன பிறகு, குறுக்கு விசாரணையில் அதைத் தோண்டியெடுத்து யாரும் அவரைக் கலங்கடிக்க முடியாது.

அதேபோல, "அரசு வக்கீலைப் பார்த்துப் பேசினீங்களா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பல சாட்சிகள் அது ஏதோ குற்றம் என்று நினைத்து "இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். வராந்தாவில் நாங்கள் பேசியதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். தேவையே இல்லாத அந்த ஒரு பொய், மற்ற உண்மைகள் மேலும் சந்தேகத்தைப் போட்டுவிடும். "பார்த்தேன், பேசினேன், நடந்ததைச் சொல்லச் சொன்னார்" என்பது முழு உண்மை. அதைச் சொல்ல நானும் வெட்கப்பட வேண்டியதில்லை, சாட்சியும் வெட்கப்பட வேண்டியதில்லை.

குழந்தைச் சாட்சிகளிடம் இன்னும் நிதானம் வேண்டும். பெரியவர்கள் முகத்தில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்து, அதையே சொல்லிவிடுவது பிள்ளைகளின் சுபாவம். அதனால் அவர்களிடம் ஒன்றை மட்டும்தான் பழக்குவேன்: தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்வது. "என் வீட்டு நாய்க்கு என்ன பேரு?" என்று கேட்பேன். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். "நீ என் வீட்டுக்கு வந்திருக்கியா?" என்பேன். யோசித்துவிட்டு, "தெரியாது அங்கிள்" என்று சிரிக்கும். போக்சோ வழக்குகளில் வழக்கறிஞர்கள் பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. 33ஆம் பிரிவின்படி நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். எதிரி பிள்ளையின் கண்ணில் படக் கூடாது என்கிறது 36ஆம் பிரிவு. இவற்றைத் தாய்தகப்பனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் பதற்றம் குறையும், பிள்ளையின் பதற்றமும் அதோடு குறையும்.

இவ்வளவு செய்தும் சில சாட்சிகள் கூண்டில் ஏறி, "எனக்கு எதுவும் தெரியாது, போலீஸ் வெத்துத்தாளில் கையெழுத்து வாங்கினாங்க" என்று பிறழ்ந்துவிடுவார்கள். அவர்கள் எல்லாரையும் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாமீனில் வந்த எதிரி அதே தெருவில் இருக்கிறான். ஊர்ப் பஞ்சாயத்து "சமாதானமாப் போங்க" என்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா விழுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகிறது. சாட்சிப் படி வழங்கச் சட்டத்தில் வழி இருந்தும், அது தானாக வந்து கையில் விழுவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப ஒத்திவைத்துச் சாட்சிகளை அலைக்கழிப்பதை உச்ச நீதிமன்றம் 2000இல் ஸ்வரண் சிங் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. சாட்சி வந்து காத்திருக்கும் நாளில் அவரை விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று நான் நீதிபதிகளிடம் மன்றாடிய நாட்கள் பல உண்டு. சாட்சியை நேர்மையாகப் பேச வைக்கும் பொறுப்பு வக்கீலோடு முடிவதில்லை. நேரத்துக்கு அழைத்து, நேரத்துக்கு அனுப்புவதும் அதில் சேர்ந்ததுதான்.

மிரட்டல் இருந்தால் வழி இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது. 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுவதும் அமல்படுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சி விண்ணப்பிக்கலாம். ஆபத்தின் அளவு பற்றிக் காவல் துறை அறிக்கை கொடுத்த பிறகு, வீட்டுக்குக் காவல், கோர்ட்டுக்குத் துணை என்று தேவைக்கேற்ற பாதுகாப்புக்கு உத்தரவிடலாம். இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. முதல் சந்திப்பிலேயே, "யாராவது வந்து பேசினாங்களா?" என்று சாட்சியைத் தனியாக விசாரிப்பது அரசு வழக்கறிஞரின் கடமை. சாட்சி பிறழ்ந்த பிறகு அவரைத் திட்டுவதால் ஒரு பயனும் இல்லை. கூண்டில் தெரிந்தே பொய் சொன்னால் 7 ஆண்டு வரை சிறை என்பதையும் சொல்லத்தான் செய்வேன். ஆனால் பயந்துபோன ஒருவருக்கு இன்னொரு பயத்தைக் காட்டி உண்மையை வரவழைத்துவிட முடியாது. நம் பின்னால் ஆள் இருக்கிறது என்ற தெம்பு வந்தால்தான் உண்மை வாயில் வரும்.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சாட்சியைக் கோர்ட் வராந்தாவில் நிற்க வைத்து, கட்டைப் புரட்டிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசவிடுங்கள். அவர் சொல்வது உங்கள் வழக்குக்கு ஒத்துவராவிட்டால் வழக்கை மறுபடி யோசியுங்கள், சாட்சியை மாற்றப் பார்க்காதீர்கள்.

வாசிக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சம்மன் வரலாம். கோர்ட்டு கேசு என்று அலைய முடியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களிடம் யாரும் திறமையான பேச்சை எதிர்பார்க்கவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். அதை எடைபோட நீதிபதி இருக்கிறார். நீங்கள் போகவில்லை என்றால் எடைபோட அங்கே ஒன்றும் இருக்காது.